கையெழுத்தும் கைநாட்டும்: மேடைப் பாடகர்களின் கடிதங்களை யார் சேர்த்து வைத்தார்கள்?

கெலமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடுகிறது. ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வரும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் என இருபது பேர் வரை வருவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் கே.பி. சுந்தராம்பாள் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மாணவி கேட்டார்: "அவங்க எழுதின லெட்டர் இன்னைக்கும் இருக்கு. எங்க தாத்தாவும் ராத்திரி முழுக்கப் பாடுனவர்தான். அவர் எழுதின ஒரு வரி கூட எங்க வீட்ல இல்லையே, ஏன்?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகு நாங்கள் படித்ததும், அலைந்து பார்த்ததும், ஓர் இரும்புப் பெட்டியிலிருந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

பழைய பாடகர்களின் கடிதங்களைச் சேகரிப்பது மேற்கில் பெரிய தொழில். ஓபரா என்று அவர்கள் சொல்வது பாட்டாலேயே நடக்கும் நாடகம். நம் ஊர் இசை நாடகத்துக்கு நெருங்கிய உறவு. ஓபரா மேடையில் புகழ்பெற்ற ஒருவர் தன் கையால் எழுதிய நான்கு வரிகள் ஏல நிறுவனங்களில் விலைக்குப் போகின்றன. எழுதியவர் யார், அந்தக் கையெழுத்து அவருடையதுதானா, யாருக்கு எழுதினார், எந்த ஆண்டு என்றெல்லாம் பார்த்து விலை வைக்கிறார்கள். இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சேகரிப்பவரிடமிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து ஆய்வாளருக்கும், ஆய்வாளரிடமிருந்து பாடப்புத்தகத்துக்கும் ஒரு பாதை போகிறது. யாருடைய தாள் அந்தப் பாதையில் ஏறுகிறதோ அவர் வரலாற்றில் இருக்கிறார். ஏறாதவர் இல்லை.

அவர்கள் கடிதங்கள் எப்படித் தப்பின?

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கிட்டப்பா 1906-ல் செங்கோட்டையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1926-ல் இலங்கையில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். அந்த ஜோடிக்குத் தமிழ்நாடு முழுக்கக் கூட்டம் கூடியது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாளோடு அமைந்த வாழ்க்கையில் பிரிவும் சண்டையும் நிறைய. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அதன் பிறகு அவர் வெள்ளை உடுத்தியே வாழ்ந்தார்.

பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் சில பின்னாளில் அச்சில் வந்தன. கோபமும் கெஞ்சலும் குற்றச்சாட்டும் கலந்த கடிதங்கள் அவை. மேடையில் அவர் பாடிய எந்தப் பாட்டிலும் இல்லாத ஒரு பெண் அவற்றில் இருக்கிறார். இன்னொரு உதாரணமும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் 1940-ல் 'சகுந்தலை' படத்தில் சேர்ந்து நடித்தவர்கள். எம்.எஸ். ஜி.என்.பி.க்கு எழுதிய கடிதங்கள், 2004-ல் வந்த டி.ஜே.எஸ். ஜார்ஜின் நூல் வழியாக வெளி உலகுக்குத் தெரியவந்தன.

இந்த இரண்டு பெண்களும் எளிதாக மேலே வந்தவர்கள் அல்ல. நாடகக்காரி என்றும் தேவதாசி வீட்டுப் பெண் என்றும் சமூகம் இழிவாகப் பார்த்த இடங்களிலிருந்து குரலை மட்டுமே நம்பி வந்தவர்கள். அவர்கள் பட்ட துயரத்தைக் குறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. நாங்கள் கவனிக்கச் சொல்வது வேறொன்று. கடிதம் தப்புவதற்கு எழுதியவரின் திறமை மட்டும் போதாது. எழுதியவருக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றவருக்கு நிலையான வீடும், பூட்டுள்ள பெட்டியும் இருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கு "இது நம் குடும்பத்தின் பெருமை" அல்லது "இதற்கு ஒரு மதிப்பு உண்டு" என்ற எண்ணம் வர வேண்டும். கடைசியாக, அச்சிட ஒருவர் முன்வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடிதம் அடுப்புக்குப் போய்விடும்.

நந்தனைப் பாடியவர்கள், நந்தன் வீட்டார்

தமிழ் இசை நாடகத்தின் கதையை எங்கே தொட்டாலும் சேரி வந்து நிற்கும். கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை 1860களின் தொடக்கத்தில் அச்சுக்குக் கொண்டுவந்தார். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதற்கு உதவினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணை முதலாளியை, வேதியரை, பாரதி கதைக்குள் கொண்டுவந்தார். சிதம்பரம் போக ஒரு நாள் விடுப்பு கேட்டு நந்தன் அவரிடம் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பண்ணையாள் முறையின் கொடுமையை இதைவிடத் தெளிவாகப் பாட்டில் வைத்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் விடுதலை எப்படி வருகிறது? நந்தன் நெருப்பில் இறங்கிய பிறகுதான். அயோத்திதாசர் இந்தக் கதையையே மறுத்தார். நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த அரசன் என்று எழுதினார்.

1935-ல் 'நந்தனார்' திரைப்படமானபோது நந்தனாக ஆண் வேடமிட்டு நடித்தவர் இதே சுந்தராம்பாள்தான். அதற்கு அவர் வாங்கிய ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். புகழ்பெற்ற இந்த இரண்டு திரை நந்தன்களும் நந்தன் பிறந்த சேரியிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

இன்னொரு நாடகம் அரிச்சந்திரா. அதன் மயான காண்டத்தில் அரசன் அரிச்சந்திரன் வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடுகாட்டைக் காக்கிறான். பிணத்தோடு வந்து நிற்பவள் சொந்த மனைவி என்றாலும் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அந்த ஒரு இரவு மட்டும் ஊர் முழுக்க உட்கார்ந்து வெட்டியானின் உரிமையைக் கேட்கும். விடிந்ததும் அதே ஊர் நிஜ வெட்டியானை எங்கே நிறுத்தும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆக, இசை நாடகமும் கூத்தும் நம்மைப் பற்றிப் பாடாமல் இருந்ததில்லை. நம் மக்கள் ஆடாமலும் பாடாமலும் இருந்ததில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம். கர்ண மோட்சத்தையும் துகிலுரிதலையும் விடிய விடியப் பாடிய தொண்டைகளில் நம் காலனிகளின் தொண்டைகளும் உண்டு. பாடியவர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பற்றிய தாள்கள்தான் இல்லை.

ஓர் இரும்புப் பெட்டி

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினோம். கெலமங்கலத்தைச் சுற்றி வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் தமிழ், வேலைக்குப் போனால் கன்னடம் என்று மூன்று மொழியும் புழங்கும். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, பழைய கடிதம், கூத்து நோட்டு, நோட்டீஸ் ஏதாவது உண்டா என்று கேட்டோம். பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான். ஓலைக் கூரை மாற்றும்போது போனது, மழையில் நனைந்தது, கரையான் தின்றது, பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா இருக்கிறார். இளமையில் திரௌபதி வேடம் கட்டியவர். அவர் தன் கட்டிலுக்கடியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை இழுத்தார். உள்ளே வாத்தியார் எழுதிய கூத்து நோட்டு ஒன்று, ஏழு கார்டு, நான்கு இன்லண்ட் லெட்டர், ஒரு முன்பண ரசீது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூத்து நோட்டைக்கூட இன்னொருவர் படிக்கக் கேட்டுத்தான் பாடம் செய்திருக்கிறார். பாட்டும் வசனமும் இன்றும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

அந்தத் தாள்களில் அவர் கையால் எழுதியது ஓர் எழுத்து கூட இல்லை. இன்லண்ட் லெட்டர்களில் ஒன்று மட்டும் அவர் "எழுதியது". பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது கூட வேலை செய்த ஒருவரிடம் சொல்லி, மனைவிக்கு எழுத வைத்தது. நெல் அறுத்தாயிற்றா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா, பங்குனியில் கூத்து இருக்கிறது, கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று போகிறது. பாட்டிக்கும் படிக்கத் தெரியாது. தெருவில் படித்த ஒரு பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதற்கு நடுவில் இரண்டு அந்நியர்கள். சுந்தராம்பாளைப் போல மனதில் இருப்பதையெல்லாம் கொட்ட இந்தப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வழியே இல்லை. இன்னொருவர் காதில் விழும் என்று தெரிந்தால் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

முன்பண ரசீதின் அடியில் நீல மையில் ஒரு கைநாட்டு. அந்தப் பெட்டியில் அவருடைய கையிலிருந்து நேராக வந்த ஒரே தடயம் அதுதான். ஏலத்தில் கையெழுத்துக்கு விலை வைக்கிறவர்கள் இதற்கு என்ன விலை வைப்பார்கள்?

கார்டுகளைப் படித்தபோது எங்களில் சிலருக்குக் கை நடுங்கியது. ஊர்ப் பெரியதனக்காரர்கள் கூத்துக்கு வரச்சொல்லி அனுப்பியவை அவை. முகவரியில் பெயருக்குப் பக்கத்தில் சாதிப்பெயர். உள்ளே "நீ", "வந்து சேர்", "தவறினால் தெரியும்". எழுதிய ஆளைவிட இருபது வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே ஆள் முன்வரிசையில் உட்கார்ந்து, அதே திரௌபதி கூந்தலை விரித்துச் சபதம் போட்டபோது கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

தாத்தாவின் மகன் அருகில் நின்று சொன்னார்: "இதையெல்லாம் கிழிச்சுப் போடச் சொல்லி எத்தனை தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறாரு."

தாத்தா பதில் சொல்லாமல் ஒரு கார்டைத் தேடி எடுத்தார். எழுத்து தெரியாவிட்டாலும் எது எந்தக் கார்டு என்று மூலையின் கறையை வைத்தே அவருக்குத் தெரிகிறது. "இதுல பாரு கண்ணு" என்று நீட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இன்னொரு கூத்துக்காரர் அனுப்பியது. முகவரியில் அவர் பெயர், அதன் பின்னால் "பாட்டுக்காரர் அவர்களுக்கு" என்று இருந்தது.

"படிச்சுக் காட்டுனப்ப ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்" என்றார் தாத்தா. "இது ஒண்ணுக்காகத்தான் மத்ததையும் வெச்சிருக்கேன். எல்லாம் சேந்து இருந்தாத்தானே இது என்னன்னு தெரியும்?"

ஆவணம் என்றால் என்ன என்று நாங்கள் முதுகலையில் இரண்டு ஆண்டு படித்திருக்கிறோம். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை.

சேர்த்து வைத்தவர்கள்

இது நமக்கு மட்டுமே நேர்ந்த நிலை அல்ல. மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியை எடுத்துக்கொள்வோம். 1897-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். ஐரோப்பா கொண்டாடிய அந்தக் குரலுக்கு 1939-ல் வாஷிங்டனில் ஓர் அரங்கம் மறுக்கப்பட்டது. காரணம் அவர் நிறம். அரங்கத்தை வைத்திருந்த பெண்கள் அமைப்பிலிருந்து, அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஒரு கடிதம் எழுதி விலகினார். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடினார். சுமார் 75,000 பேர் கேட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் அவர் ஏற 1955 ஜனவரி வரை ஆனது. அப்போது அவருக்கு 57 வயது. 1957-ல் ஆசியப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து பாடினார்.

அவருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள் இன்று அவர் பிறந்த நகரத்திலேயே, பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் யாரும் பார்க்கலாம். அவரும் அவர் குடும்பத்தாரும் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து ஒப்படைத்ததால்தான் இது நடந்தது. அவமதிப்பின் வரலாறும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது, வெற்றியின் வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

நம் தலைவர் கதையும் அப்படித்தான். 1946-ல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். தீண்டப்படாதோரின் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார். அம்பேத்கரின் கடிதம் இன்று மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டு பாய்ஸ் ஆவணங்களுக்குள் இருக்கிறது. பெற்றவர் பத்திரப்படுத்தியதால்தான் அதை நாம் இன்று படிக்கிறோம்.

தமிழ்நாட்டில் நம்மவர்கள் செய்ததும் குறைந்ததல்ல. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் பொதுநூலகங்கள் போற்றி வைக்கவில்லை. அவர் 1914-ல் மறைந்த பிறகு, 1920களில் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். நம் கெலமங்கலத்துக்கு அது எல்லை தாண்டிய அண்டை ஊர்தான். பழைய இதழ்களைத் தமிழ் பௌத்தக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் பல பத்தாண்டுகள் காத்தார்கள். அந்தப் பிரதிகளிலிருந்துதான் ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இன்று அயோத்திதாசர் பெயரில் ஆய்வுகள் குவிகின்றன. அந்த வீடுகளில் யாராவது "பழைய பேப்பர்தானே" என்று எடைக்குப் போட்டிருந்தால்? தமிழ்நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு நூற்றாண்டே காணாமல் போயிருக்கும்.

சேகரிப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதற்கு கோட்டையூர் ரோஜா முத்தையாவே சாட்சி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று சென்னையில் அது ஓர் ஆய்வு நூலகம். தமிழ் நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. ஆனால் அவரிடமும் ஒரு தாள் வந்து சேர வேண்டுமென்றால், முதலில் அது யாரோ ஒருவர் வீட்டில் தப்பியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் தாள் தப்பாமல் போவதற்குக் கரையான் மட்டும் காரணம் அல்ல. 2012 நவம்பர் 7 அன்று நம் பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சான்றிதழ்கள், பட்டாக்கள், புகைப்படங்கள் எரிந்ததைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம். பரண் மேல் இருந்த கடிதங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. வீட்டை எரிப்பவர்கள் நினைவையும் சேர்த்தே எரிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் வட்டம் இப்போது செய்துவருவதைச் சொல்கிறோம். செலவில்லாதது, எந்த ஊரிலும் செய்யலாம்.

முதலாவது, தாளை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே, பகல் வெளிச்சத்தில், இரு பக்கமும், உறையையும் சேர்த்துக் கைபேசியில் படமெடுங்கள். ஆய்வுக்கு என்று வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஆட்களால் நம் மக்கள் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கொன்றுவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, வெள்ளைத் தாள் உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். குறிப்பு எழுதுவதானால் உறையின் மேல் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது, தேதி இல்லாத கடிதத்தின் வயதை முகவரியே சொல்லும். நம் வட்டாரத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். "சேலம் ஜில்லா" என்று இருந்தால் பெரும்பாலும் 1965-க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. "தருமபுரி மாவட்டம்" என்றால் 1965-க்குப் பிறகு. "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்றால் 2004-க்குப் பிறகு. பின்கோடு இருந்தால் 1972-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அஞ்சல்தலையில் "நயா பைசா" இருந்தால் அந்தத் தலை 1957-க்கும் 1964-க்கும் இடையில் அச்சானது. சிலர் பழைய பெயரையே பல ஆண்டுகள் எழுதுவார்கள். அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது, சொன்னவர் யார், எழுதிக் கொடுத்தவர் யார், படித்துக் காட்டியவர் யார் என்று மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய சேகரிப்பாளருக்கு ஒருவர் கையெழுத்து மட்டும் போதும். நம் கடிதங்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் சொன்ன கடிதமும் அவருடைய கடிதம்தான். வேறு கையில் இருக்கிறது என்பதற்காக அவர் குரலை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. தாளோடு சேர்த்து, அது பற்றி அவர் சொல்வதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். நம் விஷயத்தில் பாதிக் கடிதம் தாளிலும் பாதி வாயிலும் இருக்கிறது.

ஐந்தாவது, அனுமதி. இதில்தான் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. சுந்தராம்பாள் தன் கடிதங்களை உலகம் படிக்கும் என்று நினைத்து எழுதவில்லை. இன்று நாம் படிக்கிறோம். அதில் பயன் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. சட்டப்படியும் கடிதத் தாள்தான் பெற்றவருக்குச் சொந்தம். வாசகங்களின் உரிமை எழுதியவருடையது. நம் வீட்டுப் பெண்களின் கடிதங்களில் கடன், சண்டை, கண்ணீர் எல்லாம் இருக்கும். வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள்தான், நாம் அல்ல.

தாத்தாவின் கார்டுகளையும் இப்படித்தான் விவாதித்தோம். சாதிப்பெயரைக் கறுப்படித்துவிட்டு இணையத்தில் போடலாம் என்றார் ஒருவர். கறுப்படித்தால் செய்தவர்கள்தான் தப்பிப்பார்கள் என்றார் இன்னொருவர். அப்படியே போட்டால் அந்தக் குடும்பம் மறுபடி ஒரு முறை அவமானப்படும் என்றார் அவருடைய பேத்தி. அவர் சொன்னதே கடைசி முடிவானது. படங்கள் முழுமையாக, ஒன்றும் அழிக்காமல், குடும்பத்திடமும் வட்டத்திடமும் இருக்கும். வெளியே பரப்ப மாட்டோம். இந்தக் கட்டுரையில் அவர் பெயரும் ஊரும் இல்லாததற்கும் அதுதான் காரணம். அவர் எப்போது சொல்கிறாரோ அப்போது சொல்வோம்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. உங்கள் தாத்தாவுக்குத் திறமை குறைவு என்பதால் அல்ல அவர் கடிதம் இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் அவரை உள்ளே விடவில்லை. அவர் குரலைக் கேட்ட ஊர் அவர் பெயரை எழுதி வைக்கத் தேவையில்லை என்று நினைத்தது. அதை நாமும் நம்பி, பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே இருந்துவிட்டோம். முதல் இரண்டும் நமக்குச் செய்யப்பட்டவை. மூன்றாவதை நாம் மாற்ற முடியும்.

கூத்துக் கட்டியவர்கள், பறையடித்தவர்கள், ஒப்பாரி பாடியவர்கள், பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு இன்று எழுபது, எண்பது வயது. கார்டும் இன்லண்ட் லெட்டரும் எழுதிய தலைமுறை நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரண் மேல் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

ஜெய் பீம்.